ரொட்டிக்கடையில் நின்ற நாற்பது நொடி

இலோயிலோ நகரில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் லிகாயா எழுதிய நான்காவது இரட்டை அடுக்கு டிவிடியும் சரிபார்ப்பில் தேறவில்லை. சரிபார்ப்பு என்பது எழுதியதைத் திரும்பப் படித்து மூலக் கோப்போடு ஒப்பிடுவது. ஒவ்வொரு முறையும் பிழை ஒரே இடத்தில் வந்தது. முதல் அடுக்கு தீர்ந்து, லேசர் அடுத்த அடுக்குக்குத் தாவும் இடம் அது. அவள் வட்டை மாற்றினாள், வேகத்தைக் குறைத்தாள். பலனில்லை.

"அக்கா, நாலு மணிக்கு எனக்கு ரியாத் ஃப்ளைட். அங்க இருக்கற தங்கச்சியால அப்பா சாவுக்கே வர முடியல. இந்த வீடியோவையாச்சும் பாக்கட்டும்," என்றான் வட்டை வாங்கிப்போக வந்து எதிரில் உட்கார்ந்திருந்த நோனோய்.

லிகாயா மூலக் கோப்பு, வட்டு இரண்டையும் திரையில் அருகருகே ஓடவிட்டாள். அந்த இடத்தில் காட்சி அஞ்சலி மண்டபத்திலிருந்து வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மாறியது. கோப்பில் மேசையைச் சுற்றிப் பதினொரு பேர் இருந்தார்கள். வட்டில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாமவரின் முதுகுதான் தெரிந்தது.

நோனோய் இரண்டு முறை எண்ணினான். "வர்ற வழியில ரொட்டிக்கடையில நின்னோமே, அது எங்க?"

"நீங்க ரொட்டி திங்கறத யாரு பாக்கப்போறான்னு வெட்டிட்டேன்."

"நல்லா வெட்டினீங்க போங்க. சாவுக்குப் போயிட்டு எங்கயும் நிக்காம நேரா வீட்டுக்கு வந்தா செத்தவங்க கூடவே வந்துருவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

வெட்டிய நாற்பது நொடியை லிகாயா திரும்பச் சேர்த்தாள். அடுக்கு மாறும் புள்ளியை அதன்மேல் வைத்து எழுதினாள். சரிபார்ப்பு தேறியது. மேசையில் பதினொரு பேர். ரொட்டிக்கடைப் பெஞ்சில், எல்லாரும் எழுந்து போன பிறகும், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"அப்பாவப் பாத்துருவா. அவளுக்கு இது போதும்க்கா," என்றான் நோனோய்.

லிகாயா ஒரு துண்டுத்தாளில் எழுதி எந்திரத்தில் ஒட்டினாள்: மண்டபத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் நிற்க வேண்டும், அடுக்கை அங்கே மாற்ற வேண்டும்.