மூன்றாவது முத்திரை

பனி தள்ளித் தள்ளி என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. கூரைப் பனி தள்ள ஆள் வேண்டுவோர் தங்கள் பெயர் முத்திரையைக் குத்தும்படி நகராட்சித் தாள் ஒன்று வீடுவீடாகச் சுற்றி வந்தது. எங்கள் தெருவின் மக்கள்தொகை இரண்டு என்று அதில் அச்சிட்டிருந்தது: நானும் எதிர்வீட்டு கினுயோ அக்காவும். நான் குத்தியது மூன்றாவது முத்திரை. இரண்டாவது பக்கத்து வீட்டு இவாபுச்சியுடையது. மை காயவில்லை.

“அக்கா, அவன் முத்திரையை நீயா குத்தினே?”

“செத்தவன் முத்திரைக்கு நான் எங்கடா போவேன்? என்னுதைத் தேடவே அரை நாளாச்சு.”

போன தையில் என் கூரைப் பனியைத் தள்ளும்போதுதான் இவாபுச்சி விழுந்து செத்தான். மறுநாள் அவன் கூரையில் நான் ஏறுவதாகப் பேச்சு. ஆளில்லாத அந்த வீடு இப்போது பனியின் கனத்தில் வளைந்து நிற்கிறது. அவனுக்கு நான் தரவேண்டிய பாக்கி, ஒரு நாள் கூரை வேலை.