நாற்றம் என்று சொன்னவள்

என்னை முதன்முதலாக அவமானப்படுத்தியவள் செவலை. எங்கள் பட்டியில் பால் கறக்கும் ஆடு. நான் அங்கே வயதான கிடா.

குட்டி போட்ட மறுநாள், "மாமா, இவனைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க, ரெண்டு வாய் தழை தின்னுட்டு வர்றேன்" என்று போனாள். மழைக் குளிரில் குட்டி என் வயிற்றோடு ஒட்டித் தூங்கிவிட்டான்.

திரும்பி வந்தவள் அவனை மோந்துவிட்டு முட்டித் தள்ளினாள்.

"இது யார் குட்டி?"

"நம்ம குட்டிதான், கழுதை."

"என் குட்டிகிட்ட பால் வாசம் அடிக்கும். இது உங்க நாத்தம்."

அந்த நாற்றத்தைத் தேடித்தான் ஐந்து மாதத்துக்கு முன் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தாள்!

குட்டி மடியைத் தேடிப் போய் உதை வாங்கிக் கத்தினான். பட்டினி கிடந்தால் பொழுது சாய்வதற்குள் துவண்டுவிடுவான். எங்களை வளர்க்கும் தவமணி ஓடிவந்து, செவலையின் பாலையே பீய்ச்சி அவன் முதுகிலும் வாலிலும் பூசினாள். செவலை நக்கிப் பார்த்தாள்.

"என் ராசா, எங்கடா போயிருந்தே?" என்று மடியைக் கொடுத்தாள்.

"நாத்தம்னியே, அதுக்கு என்ன சொல்றே?" என்றேன்.

"குடிக்கிறான், சத்தம் போடாதீங்க மாமா."

மறுநாளும் வந்தாள். "மாமா, இவனைக் கொஞ்சம்..."

"முதல்ல மன்னிப்புக் கேளு."

அதற்குள் தழைக்குப் போய்விட்டாள். குட்டி என்மேல் சாய்ந்து தூங்குகிறான்; நான் எழுந்தால் விழுந்துவிடுவான். வரட்டும் அவள், கேட்காமல் விடமாட்டேன்.