கூட்டுக் கரண்ட்

தொரொன்ரோக்காரன் செய்ததை மொன்ட்ரியால்காரன் செய்யாமல் விட்டால் மானம் என்னாவது?

அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் ஒன்றுசேர்ந்து மொத்தமாகக் கரண்ட் வாங்கி மிச்சம் பிடிக்கின்றனவாம். மச்சான் போனில் சொன்ன அடுத்த கிழமையே, லாசால் தமிழ்ப் பள்ளிக்கூடத் தலைவர் பேரின்பநாதன் இங்கேயும் நாலு பள்ளிக்கூடங்களைச் சேர்த்துச் சங்கம் தொடங்கிவிட்டார்.

"அண்ணை, அங்க கரண்ட் விக்கக் கனக்கக் கம்பனியள். இஞ்ச இருக்கிறது ஒண்டுதானே. ஆரோட பேரம் பேசுறது?" என்று செயலாளர் சஜிதா கேட்டாள்.

"நான் மேலிடத்தில கதைச்சிட்டன் பிள்ளை" என்றார். தொடக்க விழாவிலேயே பொன்னாடையும் போர்த்துக்கொண்டார்.

சொல்லிவைத்ததுபோல, அடுத்த பில்லே லாசால் பள்ளிக்கூடத்துக்குப் பாதியாகக் குறைந்தது. மற்ற மூன்றுக்கும் ஒரு சதம்கூடக் குறையவில்லை. முறைப்பாடு சொன்னவர்களை, "உங்கட ஆக்கள் லைற்றை நிப்பாட்டிறேல்லை" என்று மேடையில் வைத்தே வெளுத்து வாங்கினார். பாவங்கள், அதுகளும் போய் ஹீற்றரைக் குறைத்து, பிள்ளைகளை ஜக்கெற்றோடு இருத்திப் படிப்பித்தன.

தை மாதக் கடைசியில், கட்டடத்தைப் பராமரிக்கும் அன்டன் ஸ்னோ வழிக்கும்போது சவளில் ஒரு தடித்த வயர் தட்டுப்பட்டது. பள்ளிக்கூடத்து பேஸ்மென்ற் யன்னலுக்கும் பக்கத்து வீட்டுக் கராஜுக்கும் இடையில் அது வேலிக்குக் கீழால் ஓடியது. பக்கத்து வீடு பேரின்பநாதனுடையது.

"விளங்குதே, அன்டன் அண்ணை?" என்றாள் சஜிதா. "பில் இன்னும் குறைஞ்சிருக்கும். இந்த மனுசன் வீட்டுக்கு இழுத்ததிலதான் பாதியில நிக்குது."

இவர் போனால் அடுத்த தலைவர் தான்தான் என்ற எண்ணமும் அவளுக்கு இருந்தது. அதை மறைப்பானேன்.

சனிக்கிழமை பின்னேரம். வெளியே இருட்டிவிட்டது, உள்ளே வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. நிர்வாகசபை முழுவதையும் சஜிதா வேலியடிக்குக் கூட்டிவந்தாள். வயரின் இரண்டு துண்டுகளையும் பொருத்திய மூட்டு பிளாஸ்ரிக் பையால் சுற்றப்பட்டுக் கிடந்தது. சத்தம் கேட்டுப் பேரின்பநாதன் வீட்டுச் செருப்போடு பனியில் ஓடிவந்தார்.

"பிள்ளையளின்ர கரண்டைக் களவெடுக்க வெக்கமில்லையே அண்ணை?" என்றாள் சஜிதா.

பேரின்பநாதன் தலையைக் குனிந்தார்.

"ஓம் பிள்ளை. களவெடுத்தனான்தான். பொலிசைக் கூப்பிடு. தலைவர் பதவியும் வேண்டாம், இப்பவே எழுதித் தாறன்."

கள்ளன் இவ்வளவு லேசாக ஒத்துக்கொள்வான் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. சஜிதாவுக்கே சப்பென்று போய்விட்டது.

"அன்டன் அண்ணை, அதைக் கழட்டுங்கோ."

"அதில மட்டும் கை வையாதை அன்டன்." பேரின்பநாதன் அவருடைய கையைப் பிடித்துத் தொங்கினார். "என்னைக் கள்ளன் எண்டு ஊர் முழுக்கச் சொல்லுங்கோ, பரவாயில்லை. இப்ப எல்லாரும் வீட்ட போங்கோ. பேந்து நானே கழட்டிறன்."

அழாத குறைதான். சஜிதாவுக்கு மனம் இரங்கவில்லை. அன்டன் கையை உதறிவிட்டு மூட்டிலிருந்து வயரைப் பிடுங்கினார்.

பேரின்பநாதன் வீட்டில் லைற்றெல்லாம் எரிந்தபடியே இருக்க, மூன்று மாதமாக அவருடைய வீட்டு மீற்றரில் ஓடிக்கொண்டிருந்த பாதிப் பள்ளிக்கூடம் இருண்டுபோனது.