ஒரு கிளாஸ் குறையுது

"எல்லாரும் இருங்கோ. கதையை நிப்பாட்டுங்கோ. இது சோடா இல்லை, அவுஸ்திரேலியாவின்ரை முதல்தர ஸ்பார்க்ளிங் வைன்."

குலசிங்கத்தார் சொன்ன சொல்லுக்கு அவற்றை ஏவன்டேல் வீடே அடங்கிச்சு.

மனுசன் வைன் கடையிலை பின்பக்கம் பெட்டி அடுக்கிறவர். திங்கக்கிழமை முதலாளி சோதனை வைக்கப்போறான். லேபிள் மறைச்ச மூண்டு போத்தல். ருசி பாத்து எது எந்த இடத்து வைனெண்டு சொல்லுற ஆளுக்கு முன்பக்க வேலை, கழுத்துக்கு டை. குலசிங்கத்தார் ஞாயிற்றுச் சந்தையிலை டை வாங்கி இப்பவே கட்டிட்டார்.

இண்டைக்கு ஒத்திகை. பாக்கிறதுக்குச் சிநேகிதன் மகேசன். போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது தியாகலிங்கம். அதே கடையிலை கூட அடுக்கிறவர், வாயே திறக்கமாட்டார்.

"தியாகு, கிளாஸ் ஒண்டு குறையுதடா. இந்தா, இதைப் பிடி."

பிளாஸ்ரிக் கப்.

அலுமாரிக்குள்ளை நாலு கிளாஸ் மினுங்கிக்கொண்டு நிண்டுது. மனுசி குணவதி அலுமாரியைப் பாத்தா. குலசிங்கத்தார் குணவதியைப் பாத்தார். அவ கண்ணைத் திருப்பிக்கொண்டா.

பிறகு பாடம். முதலாளி மாதிரியே மூக்கைச் சுருக்கி, குரலை இழுத்து, "மை ஃப்ரெண்ட்ஸ், இது தஸ்மேனியா, பச்சை அப்பிள் ருசி. இது யாரா பள்ளத்தாக்கு, சுட்ட பாண். இது அடிலெயிட், தேசிக்காய். விளங்குதோ?"

"எனக்கு மூண்டும் ஏப்பம்தான் அண்ணை," எண்டான் மகேசன்.

"நீ தேத்தண்ணியோடை நில்."

குணவதி மூண்டு போத்தலுக்கும் நீளமான ரகர் விளையாட்டுச் சொக்ஸ் மாட்டி, இடம் மாத்தி வைச்சா.

குலசிங்கத்தார் கொப்புளிச்சார். கண்ணை மூடினார். "ஒண்டு யாரா. ரெண்டு அடிலெயிட். மூண்டு தஸ்மேனியா. சந்தேகமே இல்லை."

சொக்ஸைக் கழட்டினா. மூண்டும் பிழை.

"தியாகு குலுக்கிக்கொண்டு வந்திட்டான். வைன் குழம்பிப்போச்சு."

"அப்ப அவரே சொல்லட்டும்," எண்டு குணவதி திரும்பச் சொக்ஸ் மாட்டி, இடத்தையும் மாத்தினா.

தியாகலிங்கம் அந்தக் கப்பாலை மூண்டு மிடறு குடிச்சார். "அடிலெயிட். தஸ்மேனியா. யாரா."

மூண்டும் சரி. இன்னொருக்கா மாத்தி வைச்சா. அப்பவும் சரி.

குலசிங்கத்தார் டையை இழுத்துத் தளத்தினார். "நீயும் திங்கக்கிழமை சோதனைக்கு வாறியோ? இதெல்லாம் எங்கையடா படிச்சனி?"

தியாகலிங்கம் கப்பை மேசையிலை வைச்சார்.

"வாறன் அண்ணை. படிச்சது ஊரிலை. எங்கடை அப்பு பனை ஏறிக் கள்ளு இறக்கினால், எந்த மரத்துக் கள்ளெண்டு ருசி பாத்துச் சொல்லுறது நான். உங்கடை ஐயாவும் பின்னேரத்திலை கள்ளுக் குடிக்க எங்கடை பின்வேலியாலை வருவார். குடிக்கிற ஓலைப் பிளா ஒண்டு குறையுதெண்டு அவருக்கு நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை."