ஆறாத ஈறு

அம்மா சிகரெட் பிடிக்கிறாள் என்று பல் டாக்டரின் அறையில் வைத்துத்தான் மகள் கேள்விப்பட்டாள்.

ஈறில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம். தையல் போட்ட இடம் இன்னும் மூடவில்லை. டாக்டர் விளக்கை இழுத்து, சின்னக் கண்ணாடியை அம்மாவின் வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"வயசானா ஈறு ஆறுறதுக்கு நாள் பிடிக்கும்தான். ஆனா இது மெதுவா ஆறுற ஈறு இல்லம்மா. ஆறுறதையே நிறுத்திக்கிட்ட ஈறு. சர்க்கரையும் இல்ல உங்களுக்கு." இன்னும் கொஞ்சம் குனிந்தவர் நிமிர்ந்தார். "உங்க துணியில சிகரெட் வாசனை வருதே. புகை பட்டா ரத்தக் குழாய் சுருங்கிடும். ரத்தம் போகாத இடத்துல புண் எங்க ஆறும்? வீட்ல யாரு..."

"நான்தான் டாக்டர்," என்றாள் அம்மா, வாயில் பஞ்சோடு.

சுவர் ஓரமாக நின்றிருந்த அப்பா, மேஜை மேல் இருந்த மாதிரிப் பல்செட்டைக் கையில் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

மகள் சிரித்துவிட்டாள். "விளையாடாதம்மா."

"உங்கப்பா சிகரெட்டை விட்டப்போ ரெண்டு பாக்கெட் மிச்சம் இருந்துச்சு. குப்பையில போட மனசு வரல. அப்படியே பழகிடுச்சு."

மகளின் சிரிப்பு நின்றது. நமுத்துப்போன பிஸ்கெட்டைத் தானே தின்று தீர்ப்பவள் அம்மா. தேதி முடிந்த மாத்திரையைக்கூடத் தூக்கிப் போட மாட்டாள். செய்யக்கூடியவள்தான்.

"முன்பல் ரெண்டும் ஆட ஆரம்பிச்சாச்சு," என்றார் டாக்டர். "வீட்டுல புகை இன்னியோட நிக்கணும். இல்லன்னா பல்லை எடுக்க வேண்டியதுதான்."

காரில் ஏறியதும் மகள் ஆரம்பித்தாள்.

"அறுபத்திரெண்டு வயசுல உனக்கு இது கேக்குதா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்பாவைப் பாரு. எத்தனை வருஷப் பழக்கம். நெஞ்சைத் திறந்து தச்சப்புறம் ஒரு தடவை தொட்டிருக்காரா? அந்த வைராக்கியத்துல கால்வாசி இருக்கா உனக்கு?"

"விடும்மா," என்றார் அப்பா பின் சீட்டிலிருந்து.

"நீங்க சும்மா இருங்கப்பா. எல்லாம் நீங்க குடுக்கிற இடம்."

அப்பா சும்மா இருந்தார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து என் பிள்ளை க்ரெச்சுக்குப் போகட்டும். உன்கிட்ட விட மாட்டேன்."

அம்மா அப்போதுதான் திரும்பினாள். "அவன் என் மடியில படுத்தாத்தான்டி தூங்குவான்."

"அங்கயும் தூங்கப் பழகிப்பான்."

வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, வீட்டுக்குள் வராமலே மகள் போய்விட்டாள்.

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எதுக்கு அப்படிச் சொன்னே?"

அம்மா ஜன்னல் கதவை அகலத் திறந்தாள். "எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் கீழ நின்னு பிடிச்சா எல்லாம் வெளிய போயிடும்னு சொன்னீங்க. நானும் நம்பினேன். பக்கத்துல நின்னு சமைச்சவளுக்குல்ல ஏறியிருக்கு."

"நான்தான்னு சொல்லியிருப்பேனே."

"சொல்லியிருக்கலாம். நீங்கதான் பல் எண்ணிட்டு இருந்தீங்களே."

அப்பா குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"உங்களை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்த அன்னிக்கு அவ என்ன சொன்னா? இனி ஒண்ணு பத்த வெச்சா எனக்கு அப்பாவே இல்லன்னுட்டா. சொன்னா செய்வா. உங்க பிடிவாதம் அப்படியே வந்திருக்கு. என்மேல உள்ள கோவம் ரெண்டு நாள்ல போயிடும்."

"குழந்தை?"

அம்மா கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்பா அதைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"இரு. இப்பவே சொல்லிடறேன்."

அம்மா தடுக்கவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

இரண்டாவது மணியிலேயே மகள் எடுத்துவிட்டாள். மூக்கடைத்த குரல். அழுதிருக்கிறாள்.

"அப்பா, அம்மாவை ரொம்பத் திட்டிட்டேனா? எனக்கு மனசே சரியில்லப்பா. பல்லு போனா என்ன ஆவா? நான் கத்தினா அவ கேக்க மாட்டா. நீங்க விட்டுக் காட்டினவரு. உங்களை மாதிரி அவளையும் விடச் சொல்லுங்கப்பா."

அப்பா எதிரே பார்த்தார். கன்னத்திலிருந்து கையை எடுக்காமல் அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சொல்றேம்மா," என்றார்.