ஏழு ரேடார்

வாத்தியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவரே உருவாக்கிய விண்வெளிப் போர் விளையாட்டு அது. ஹாலில் ஒரு பலகையுடன் அவர். உள்ளறையில் இன்னொரு பலகையுடன் மாடிவீட்டுப் பல் டாக்டர். யார் கப்பல் எங்கே என்று எதிராளிக்குத் தெரியாது. வாத்தியாரின் மனைவிதான் நடுவர். இரண்டு அறைக்கும் அவளே தூது.

புதிதாய் ஆடும் டாக்டருக்கு விதிகளைச் சொல்லிக்கொடுக்கப் போனவளைத் திரும்பக் காணோம். டாக்டருக்குப் பல்வரிசை வேறு பளிச்சென்று இருந்து தொலைத்தது.

"ரேடார் போடறேன்! வந்து சொல்லு!" என்று கத்தினார். ரேடார் போட்டால் எதிரி பக்கத்தில் இருக்கிறானா என்று நடுவர் வந்து சொல்லியாக வேண்டும்.

வந்தாள். "யாரும் இல்லீங்க" என்றவள், நின்றுகூடப் பார்க்காமல் உள்ளறைக்கு ஓடினாள். அங்கே ஒரே சிரிப்பு.

"ரேடார்!" வந்தாள், ஓடினாள், சிரிப்பு. ஏழாவது ரேடாரோடு வாத்தியாரின் கடைசிக் கப்பலும் வெடித்தது.

டாக்டர் கிளம்பியதும் மனைவியைப் பிடித்துக்கொண்டார். "கூப்பிட்டா வர்றே, வந்ததும் அங்கயே ஓடறே. அப்படி என்னடி அங்க?"

"ரேடார் போட்டவர் எங்க இருக்கார்னு எதிராளிகிட்ட உடனே போய்ச் சொல்லணும். இந்த விதியை எழுதினது யாரு, நீங்கதானே?"

வாத்தியார் பலகையை எடுத்து வைத்தார். "சரி, சிரிப்பு எதுக்கு?"

"'உங்க வீட்டுக்காரர் கண்ணாமூச்சியில கை தட்டிக்கிட்டே ஒளியறாரே'ன்னார் டாக்டர். சிரிக்காம என்ன செய்ய?"