டைல்ஸ்காரர் காசு

"அந்த ஆளோட காசுல இங்க ஒரு செங்கல் வைக்கக்கூடாது சார்!"

இயற்பியல் பேராசிரியை போட்ட சத்தத்தில், வெளியே உட்கார்ந்திருந்த உதவியாளர் டைப் அடிப்பதையே நிறுத்திவிட்டார்.

துணைவேந்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாங்கறதா அறிவிச்சாச்சும்மா."

"யார் காசுன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

அந்த டைல்ஸ் கம்பெனியில் கலவைப் பிரிவு சூப்பர்வைசராக இருந்தவர் அவள் கணவர். கோதுமை மாவு மாதிரி வெள்ளைத் தூசி. வருஷக்கணக்காக அதைச் சுவாசித்தே நெஞ்சு கெட்டது. கடைசிக் காலத்தில் படுக்கக்கூட முடியாமல், உட்கார்ந்தபடியே தூங்கி, உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். 'சிகரெட் பழக்கம்' என்று கம்பெனி கைகழுவிவிட்டது. மனிதர் ஆயுசில் சிகரெட்டைத் தொட்டதில்லை.

இப்போது அதே முதலாளி, பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு நுரையீரல் சிகிச்சைப் பிரிவு கட்டித் தருகிறாராம். பேப்பரில் கொட்டை எழுத்தில் வள்ளல் பட்டம் வேறு!

மறுநாளே பல்கலைக்கழக வாசலில் உட்கார்ந்துவிட்டாள். மாணவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பந்தல் வந்தது, மைக் வந்தது, தினமும் தண்ணீர் கேன் வந்து இறங்கியது. பேப்பர்காரர்கள் வந்தார்கள். துணைவேந்தருக்கு 'கல்லாப்பெட்டி' என்று பெயரும் வந்தது.

"கல்லாப்பெட்டி வருது, வழி விடுங்க!"

அவர் கார் தலையைக் காட்டினாலே கோரஸாகக் கத்துவார்கள். அவர் பதிலுக்கு வாயே திறக்கவில்லை. போலீஸையும் கூப்பிடவில்லை.

"எருமைத் தோலு! எது சொன்னாலும் உறைக்காது" என்றாள் அவள்.

கட்டடம் அது பாட்டுக்கு எழும்பியது. நோயாளிகளும் வர ஆரம்பித்தார்கள். அவள் மட்டும் வகுப்பு முடிந்ததும் பந்தலுக்கு வந்துவிடுவாள். கெட்ட பெயர் எடுத்த துணைவேந்தருக்குப் பதவி நீட்டிப்பு கிடைக்கவில்லை. பிரிவுபசார விழாவுக்குப் பேராசிரியர்கள் பாதிப் பேர் போகவில்லை. அவள் போகாததைச் சொல்லவே வேண்டாம்.

அன்று சாயங்காலம் கொழுந்தன் வந்தான். அண்ணன் போன பிறகும் அதே கம்பெனியில், அதே கலவைப் பிரிவில்தான் வேலை. ரெண்டு பெண்களைப் படிக்க வைக்க அவனுக்கு வேறு வழியில்லை. அவன் லேசாகச் செருமினாலே, 'டாக்டரைப் பார்த்தியா?' என்று கேட்டுவிடுவாள்.

"என்னப்பா, இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் அமர்க்களமா இருக்கு?"

"உங்க துணைவேந்தர் விழாவுக்குப் போயிட்டு வரேன் அண்ணி. எங்க பிரிவு ஆளுங்க அத்தனை பேரும் போயிருந்தோம்."

"அந்தக் கல்லாப்பெட்டிக்கு நீங்க எதுக்குப்பா..."

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணி."

அவன் இவளை எதிர்த்துப் பேசியதே இல்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"போன வருஷம் எங்க ஷெட்ல தூசியை உறிஞ்சுற மெஷினெல்லாம் மாட்டினாங்கல்ல? கவர்மென்ட் உத்தரவுன்னுதானே நெனச்சோம்? உத்தரவும் இல்ல, ஒண்ணும் இல்ல. 'முதல்ல உன் ஷெட்டைச் சரி பண்ணு. நெஞ்சு கெட்டுப்போன உன் ஆளுங்களுக்கு ஆயுசுக்கும் வைத்தியச் செலவை ஏத்துக்கோ. அப்புறம்தான் கட்டடத்துல உன் பேரைப் போடுவேன்'னு சார்தான் ஒத்தைக்கால்ல நின்னாராம். வைத்தியச் செலவு ஒப்பந்தத்துல முதலாளியோட கடைசிக் கையெழுத்து நேத்துதான் விழுந்துச்சாம். இன்னிக்கு எங்க மேனேஜரே சொல்லிட்டார்."

அவள் சட்டென்று எழுந்துவிட்டாள்.

"அவரை... நான்..."

செருப்பை மாட்டியதுகூட ஞாபகமில்லை. துணைவேந்தர் குடியிருப்பில் போய்த்தான் நின்றாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, புத்தகப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. இந்த முடிச்சைக் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க, விரல் சிக்கிக்கிது."

பிடித்தாள். கண்ணீர் பெட்டிமேல் சொட்டியது.

"வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் சார். என் கொழுந்தன் இன்னிக்கு நல்லா மூச்சு விடுறான்னா அது உங்களாலதான். இந்த நன்றியை எப்படிச் சொல்றதுன்னே தெரியலை."

"நன்றியெல்லாம் நான்ல சொல்லணும் உங்களுக்கு!"

"கேலி பண்ணாதீங்க சார். என்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே பந்தலைப் பிரிச்சுட்டு எழுந்து போயிருப்பேனே!"

"அந்தப் பயத்துலதான் சொல்லலை" என்றார் துணைவேந்தர், கயிற்றை இழுத்துக் கட்டியபடி.

அவள் புரியாமல் பார்த்தாள்.

"ஷெட்டைச் சரி பண்ணுங்கன்னு நான் தனியாப் போய்க் கேட்டப்ப, ஒரு காபியைக் குடுத்து அனுப்பிட்டார் அந்த மனுஷன். நீங்க வாசல்ல உட்கார்ந்து அவர் மானத்தை வாங்கினப்புறம் அவரே ஓடி வந்தார். 'அந்தம்மா கத்துறதை நிறுத்த என்ன சார் பண்ணணும்?'னு கேட்டார். அப்பப் பிடிச்ச பிடிதான். நீங்க எழுந்து போயிருந்தா அவரும் கையை உதறிட்டுப் போயிருப்பார்."

அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க தொண்டை வறண்டு, குரல் இறங்கிடப் போகுதேன்னுதான், பந்தலுக்குத் தினமும் தண்ணி கேன் இறக்கச் சொன்னேன்... என் சொந்தச் செலவுலம்மா!"